ஜமால் மாமாவின் பெயர்ப்பலகையைத் தேடி விருத்தாசலத்தில்

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் விருத்தாசலம் போய்வந்தோம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. அங்கே வடிகால் வேலைக்காகத் தெருவைத் தோண்டுகிறார்கள், முனையிலிருந்த தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள் என்று உறவுக்காரர் ஒருவர் போனில் சொன்னார். அந்தத் தொட்டியில்தான் என் தாய்மாமா ஜமாலின் பெயர்ப்பலகை பதிக்கப்பட்டிருந்தது.

மாமா அந்த ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். பிறகு வளைகுடாவுக்குப் போனார். அங்கேயே இறந்தார், அங்கேயே கபரில் அடக்கம் செய்தார்கள். பட்டறையில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து அவர் நினைவாகத் தொட்டியைக் கட்டி, களிமண் பலகையில் பெயரை எழுதிச் சூளையில் சுட்டுப் பதித்தார்கள். அம்மா தன் தம்பியின் கபரைப் பார்த்ததே இல்லை. அவருக்கு இருந்தது அந்தப் பலகை மட்டும்தான்.

எழும்பூரில் காலை ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் விருத்தாசலம் ஜங்ஷன்.  பலகை உடைந்திருக்கும் என்று அம்மா வழியிலேயே முடிவு கட்டிவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தோம், இருநூறு ரூபாய். விஷயத்தைக் கேட்ட ஓட்டுநர், ஊரில் எழுத்து இருக்கும் இடங்களையெல்லாம் காட்டிக்கொண்டே போனார். பழமலைநாதர் கோயில் கல்வெட்டுகளைப் பலரும் பார்ப்பார்கள். தெருக்களிலும் படிக்க நிறைய இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் மனை கொடுத்தவர் பெயர், பள்ளிவாசல் முகப்பில் ஒரு வியாபாரியின் பெயர், குழாயடியில் பழைய திறப்புவிழாக் கல். எல்லாமே கொடுத்தவர்கள் அல்லது திறந்துவைத்தவர்கள். மண் பிசைந்த ஒருவர் பெயரை நான் பார்த்தது எங்கள் மாமாவின் பலகையில்தான்.

தெருமுனையில் தொட்டி இல்லை. பள்ளமும் செங்கல் குவியலும்தான். அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப்போய், கையாலேயே செங்கல்லைப் புரட்டத் தொடங்கினார். என்னால் தடுக்க முடியவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெண் வந்தார். செல்வி என்று பெயர், நாற்பது வயதிருக்கும். என்ன தேடுகிறோம் என்று கேட்டார். பெயர்ப்பலகை என்றேன்.

“ஜமாலுன்னு போட்டிருக்குமே, அதாங்க? எங்கிட்டதான் இருக்குது. வாங்க.”

இடிக்கும் இயந்திரம் வந்த அன்று செல்வி அதன் குறுக்கே போய் நின்றிருக்கிறார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, சிமெண்ட்டோடு சேர்த்துப் பலகையைப் பெயர்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். கடைக்குள் பெஞ்சுக்கு அடியில், அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். வெள்ளைப் பீங்கானில் நீல எழுத்து. ஒரு மூலை மட்டும் உதிர்ந்திருந்தது. எழுத்தில் கீறல்கூட இல்லை. அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்று பெஞ்சில் உட்கார்ந்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அந்த முகம் அப்போதுதான் இளகியது. எனக்கும் அப்போதுதான் பசித்தது.

“எந்தம்பிய பாத்திருக்கீங்களாம்மா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லங்க. இத்தன வருஷமா கடைக்கு வர்றவங்களுக்கு அந்தத் தொட்டித் தண்ணியத்தான் குடுத்தேன். தெனமும் பாத்த பேரு. மண்ணோட போவ வுட்டுடுவனா?”

பலகையைச் சென்னைக்கு எடுத்துப்போகத்தான் வந்திருந்தோம். ஆனால் தொட்டி போன பிறகு செல்வி கடைவாசலில் ஒரு தண்ணீர்க் குடம் வைத்திருப்பதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “நம்ம வூட்டுல நாம மட்டும்தான் பாப்போம். இங்கயே இருக்கட்டும்” என்றார். செல்வி சம்மதித்தார். மதியம் அதே கொத்தனார் வந்து குடத்துக்கு மேலே சுவரில் பதித்துக் கொடுத்தார். மாலை ரயிலில் அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: திருச்சி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் வந்தால் வேப்பூரில் இறங்கி மாறலாம், அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெயிலுக்கு முன் தெருக்களை முடித்துவிடுங்கள். உங்கள் குடும்பத்துப் பெயர் எந்த ஊர்ச் சுவரிலாவது இருந்தால், எதிர்க் கடைக்காரரிடம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். நாங்கள் இத்தனை வருடம் அதைச் செய்யவில்லை. எங்கள் அதிர்ஷ்டம், செல்வி எங்களுக்காகக் காத்திருக்காமல் பலகையை எடுத்து வைத்தார். தாகமெடுத்தால் அவர் கடைவாசலில் தண்ணீர் இருக்கிறது. மேலே உள்ள பெயரைப் படித்துவிட்டுக் குடியுங்கள்.