முன்கூட்டியே கொடுத்த முடி

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க மாட்டேன். பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் நிற்பதற்குப் பதில் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடலாம் என்று கிளம்புவேன். பாதி வழியில் அந்தப் பேருந்தே என்னைத் தாண்டிப் போகும். "ஒரு எடத்துல குந்த மாட்டியாடி நீ?" என்று அம்மா என்னைக் கேட்காத நாள் கிடையாது.

ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சித்தூரில் நர்சிங் படித்தபோது புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் நான். படித்து முடித்ததும் திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அதே வார்டு, அதே படிக்கட்டு, அதே காலை நேரத் தோசை வாசனை என்று வருடங்கள் போய்க்கொண்டே இருந்தன. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை நர்ஸ்களை எடுக்கிறது என்று கூட வேலை செய்த ஒருத்தி சொன்னதும் அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டேன். சம்பளத்துக்காகத்தான் போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். சம்பளமும் வேண்டியதுதான். ஆனால் அதைவிட, இங்கே இருப்புக் கொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

வீடியோவில் நேர்காணல் நடத்தினார்கள். காயம், ஊசி, மருந்து என்று எல்லாம் வேலையைப் பற்றிய கேள்விகள். டக் டக்கென்று பதில் சொன்னேன். எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆங்கிலத் தேர்வில் மட்டும் அவர்கள் கேட்ட மதிப்பெண் வர வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் வந்துவிட்டது. பேசுவதில் வரவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடியும் பேச்சில்தான் விழுந்தேன். மூன்றாவது முறையும் தவறினால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னதால் எரிச்சல் இன்னும் கூடியது.

எனக்கு ஆங்கிலம் பேச வராது என்று நினைத்துவிடக் கூடாது. நீட்டத்தான் வராது. வார்டில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது கதை சொல்ல நேரம் கிடையாது. இந்தப் படுக்கைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, அந்தப் படுக்கைக்குச் சலைன் முடியப்போகிறது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிவிட்டது. தேர்வில் ஒரு அட்டையைக் கொடுத்து, அதில் இருக்கும் விஷயத்தைப் பற்றி இரண்டு நிமிடம் விடாமல் பேசச் சொல்வார்கள். நான் பாதி நிமிடத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் என் முகத்தைப் பார்ப்பார். அந்த மௌனத்துக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்?

ஒரு பேக்கரி மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவன் சித்தூர்ப் பையன், என்னைவிடச் சின்னவன், விமானத்தில் ஏறியதே இல்லை. கையில் கைபேசியை வைத்து நேரம் பார்ப்பான்.

"உங்க ஊர் உங்களுக்குப் பிடிக்குமா அக்கா?"

"பிடிக்கும்."

"ஏன்?"

"அமைதியா இருக்கும்."

"இன்கா சொல்லுங்க அக்கா, இன்கா!" இன்கா என்றால் தெலுங்கில் இன்னும் என்று அர்த்தம். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றையும் கலந்து கெஞ்சுவான். "வேற என்ன கீது ஊர்ல?"

"வேற ஒண்ணும் இல்ல. அதனாலதான் அமைதியா இருக்கு."

அவன் கைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து, ஊரிலிருந்து எனக்குக் குழம்பு கொண்டுவந்திருந்த அம்மா தூக்குவாளியோடு மாடியேறி வந்தாள். படி ஏறிய களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்தவள், அன்று பேருந்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். நடத்துநர் சில்லறை கேட்டாராம். பக்கத்தில் நாராயணவனம் கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம், அவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், அந்த மாப்பிள்ளை ஸ்ரீ சிட்டியில் வேலை செய்கிறானாம், அந்தப் பெண்ணுக்கு அவனைப் பிடிக்கவில்லையாம். சில்லறை என்ன ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை. வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. அவள் நிறுத்தியபோது அந்தப் பையன் என்னைப் பார்த்து, "அம்மா மாதிரி பேசுனா போதும் அக்கா" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு போகும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். சலைன் மாட்டும் கம்பியிடம் என் ஊரைப் பற்றிப் பேசினேன். துவைக்கும்போது வாளியிடம் எனக்குப் பிடித்த பண்டிகையை விவரித்தேன். நோயாளி ஒருவர், "சிஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் விசாரித்தார். எவ்வளவு இழுத்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. தேர்வு நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

பேச்சில் தேறினால் முடி கொடுக்கிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி எனக்கு. எங்கள் பக்கத்தில் இப்படி வேண்டிக்கொள்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. காரியம் ஆனதும் மலையேறிப் போய்க் கொடுப்பார்கள். என்னால்தான் காரியம் ஆகும்வரை காத்திருக்க முடியவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம், "வாம்மா, மலைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று அம்மாவைக் கிளப்பினேன்.

"வேண்டுதல்னா நடந்தப்புறம்தான்டி குடுக்கணும். யாராவது முன்னாடியே குடுப்பாங்களா?"

"வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறதில்லையா? அது மாதிரிதான்."

"சாமி இன்னா வீட்டு ஓனரா? சரி, மூணு கத்தரியாவது குடு. பொம்பளைங்க அத்தினி பேரும் அதான் குடுக்கறாங்க." நுனியில் மூன்று இடத்தில் கத்தரித்துக் கொடுத்தால் போதும் என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அதெல்லாம் சரிப்படாது. கொடுப்பதென்றால் மொத்தமாகக் கொடுக்க வேண்டும்.

மலையில் முடி இறக்கும் கூடமான கல்யாண கட்டாவில், பெண்களுக்கு மழிக்கும் ஒரு பெண்மணியின் எதிரில் குனிந்து உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக் கையால் அழுத்தித் தேய்த்தார். கத்தி உச்சியிலிருந்து இறங்க ஆரம்பித்ததும் முடி கனத்து மடியில் விழுந்தது. என் முடிக்குச் சின்ன வயதிலிருந்து எண்ணெய் தேய்த்தவள் அம்மாதான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். எனக்கு வருத்தமே இல்லை. ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் இருந்தது, அதுவும் மழித்த தலையில் சந்தனம் காய்கிற நேரம்வரை.

தரிசனத்தில் அம்மா சந்நிதிக்கு எதிரில் நகராமல் நின்றுவிட்டாள். "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளுகிறார்கள், இவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னாம்மா அவ்ளோ நேரம் வேண்டிக்கினே?"

"ஒண்ணுமில்ல" என்றாள். சில்லறை கேட்ட கதையை அரை மணி நேரம் சொல்கிறவளிடமிருந்து ஒரே ஒரு சொல்.

திருப்பதியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேருந்தில் பாதித் தலை மொட்டை, ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்களில் பாதி மொட்டை. வார்டில்கூட, "இன்னா வேண்டுதல் சிஸ்டர்?" என்று கேட்டதோடு சரி. அதனால் எனக்கு அது ஒரு விஷயமாகவே உறைக்கவில்லை. தேர்வு சென்னையில், ஒரு ஹோட்டல் கூடத்தில். துணைக்கு வந்த அம்மாவை வரவேற்பறை சோபாவில் உட்காரவைத்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு சோதனை மேசைக்குப் போனேன்.

மேசையில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் இருந்தவளுக்குத் தோளில் வழியும் பின்னல், கன்னம் நிறைய சதை. எதிரில் நிற்பவளோ ஒரு வாரமாகச் சரியாகத் துன்னாத மொட்டைச்சி. மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

"இது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன் ஆங்கிலத்தில். வழக்கம்போல அதோடு முடித்துக்கொண்டேன்.

அது போதவில்லை. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்து பேசிவிட்டுப் போகிற மோசடியெல்லாம் நடக்கிறது, படத்தோடு முகம் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட முடியாது என்றார். தமிழில் ஆரம்பித்தேன், கையை விரித்தார். தெலுங்குக்கு மாறினேன், தலையை ஆட்டினார். வடக்கிலிருந்து வந்தவர். எனக்குத் தெரிந்த இரண்டு மொழியும் அவரிடம் செல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஓரமாக நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். வேண்டுதலாலேயே காரியம் கெட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓரமாக நிற்க என்னால் முடியுமா? மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன், ஆங்கிலத்தில். எங்கள் ஊரில் ஏன் முடி கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம், நான் ஏன் முன்னாடியே கொடுத்தேன், அம்மா எப்படித் தடுத்தாள், மூன்று கத்தரி என்றால் என்ன, அது ஏன் எனக்குப் பிடிக்கவில்லை. முடிதான் போனது, காது போகவில்லை, நான் நர்ஸ், சொல்கிறேன், யாருக்கும் காது மாறாது, காதைப் பாருங்கள் என்று தலையைத் திருப்பிக் காட்டினேன். இலக்கணம் எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. நடுவில் அழுகையும் வந்தது, அதையும் ஆங்கிலத்திலேயே சமாளித்தேன்.

என் குரல் உயர்ந்ததைக் கேட்டு அம்மா சோபாவிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். "இன்னா சார், என் பொண்ணுதான் சார் இது. நான் பெத்த பொண்ணு. நல்லா பாரு சார்." அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் பாஸ்போர்ட்டைத் தூக்கி அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே நெற்றி, அதே காது, தோளில் அதே மாதிரிப் பின்னல். அந்தப் படத்துக்கு என்னைவிட அம்மாதான் பொருந்தினாள். அவர் அம்மாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியாக என் காதைப் பார்த்தார். சிரித்துவிட்டார். உள்ளே அனுப்பினார்.

பேச்சுத் தேர்வு அறையில் உட்கார்ந்தபோது எனக்கு இன்னும் மூச்சு வாங்கியது. எதிரில் இருந்த பெண்மணி, பெரிதாகக் கவலைப்பட்ட ஒரு நாளைப் பற்றியோ என்னவோ ஒரு அட்டையைத் தள்ளினார். யோசிக்கக் கொடுத்த நேரத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கவலை இன்றைக்கு, இதோ இந்த வாசலில்தான் என்று தொடங்கி, மேசையில் பாதியில் விட்டதைத் தொடர்ந்தேன். அம்மா, மலை, பேருந்து, சில்லறை கேட்ட நடத்துநர்கூட எங்கிருந்தோ உள்ளே வந்துவிட்டார். அந்தப் பெண்மணி கையை உயர்த்தி, நன்றி, போதும் என்றார். என்னைப் போதும் என்று ஒருவர் நிறுத்தியது அதுதான் முதல் முறை.

திரும்பும்போது பேருந்தில் அம்மா கேட்டாள். "அந்த சார்கிட்ட அத்தினி நேரம் இன்னா பேசினே? நடுவுல நடுவுல அம்மா அம்மான்னியே, என்னப் பத்தியா?"

"உன்னப் பத்தித்தான்."

முடிவு வந்தபோது ஊரில் இருந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "தேறிட்டேன்மா!" என்று கத்தினேன். அவள் சீப்பை முடியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீ போவப்போறே."

"ஆமா. சாமிக்குக் குடுக்க வேண்டியதையும் குடுத்தாச்சு. ஒரு வேலையும் பாக்கி இல்ல."

"உன்னுது முடிஞ்சுது. என்னுது கீது." என் மொட்டையில் முள்ளாக முளைத்திருந்த முடியைத் தடவினாள். "நீ நல்லபடியா திரும்பி வந்துட்டா என் முடிய மொத்தமா குடுக்கறேன்னு அன்னிக்கு வேண்டிக்கினேன்."

அதற்குத்தான் சந்நிதியில் நகராமல் நின்றிருக்கிறாள். அப்போதும் என் புத்தி போகவில்லை. "அப்ப வாம்மா, நாளைக்கே போய்க் குடுத்துடலாம்" என்றேன்.

"இதுக்கு அட்வான்ஸ் கெடையாது. நீ வந்தப்புறம்தான். அதுவரைக்கும் ஒரு கத்தரிகூட வெக்க மாட்டேன்."

அழுதேன். அவள் பின்னால் போய் உட்கார்ந்து, முடியில் மாட்டியிருந்த சீப்பை எடுத்து, அடியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன். அடர்த்தியான முடி, நேரம் பிடித்தது. கடைசிச் சிக்கு பிரியும்வரை அந்த இடத்திலேயே குந்தியிருந்தேன்.