ஆபீஸ் கணக்கில் சேர்ந்த வீட்டுப் படங்கள்

1. முதல் கேள்வி

செந்தில் டெங்குவில் இறந்த மறுநாள் காலை, எங்கள் வங்காளி மேனேஜர் அனிர்பன்தா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, செந்தில் எழுதிய புரோகிராம் கோட் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் பாலிகஞ்சில் இருக்கும் எங்கள் சின்ன கம்பெனிக்கு அந்த ஒரு பிராஜெக்ட்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதில் பாதியை எழுதியவன் செந்தில். கேட்காமல் இருந்தால்தான் தப்பு.

என் சீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் மாலை, காய்ச்சலோடு பெஹாலா வீட்டிலிருந்தே அன்றைய வேலையை ஏற்றியிருந்தான். எங்கள் கோட் முழுவதும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற சாஃப்ட்வேரில் இருக்கிறது. அதில் வேலை செய்கிற ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழுப் பிரதி உண்டு, பழைய மாற்றங்கள் உட்பட. ஒரு லேப்டாப் எரிந்தாலும் இன்னொன்றிலிருந்து எடுத்துவிடலாம். அனிர்பன்தாவிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

2. எதை வாங்குவது

இதற்கு ஒரு வருஷம் முன்னால், கோட் எழுத எந்த எடிட்டர் வாங்குவது, எந்த கிளவுட் ஸ்டோரேஜ் வாங்குவது என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

எடிட்டர் விஷயத்தில் யாரும் யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள். எல்லா வசதியும் உள்ளேயே இருக்கும் கனமான ஐடிஇ வேண்டும் என்று ஒரு கோஷ்டி. லேப்டாப் திணறுகிறது, லேசான எடிட்டரே போதும், வேண்டியதைப் பிளகினாகப் போட்டுக்கொள்கிறோம் என்று இன்னொரு கோஷ்டி. செந்தில் இரண்டாவது கோஷ்டியின் தலைவன். மதிய சாப்பாட்டில் பருப்பு உப்பில்லாமல் இருந்தால்கூட, கனமான ஐடிஇ மேல்தான் பழி போடுவான். கடைசியில் அவரவருக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். கோட் எல்லாம் கிட்டில் இருக்கும்போது எதில் திறந்தால் என்ன.

ஸ்டோரேஜில் இந்தத் தகராறே இல்லை. மூன்று சர்வீஸ்களை எடுத்து வேகம், விலை, இடம் பார்த்தேன். ஒன்று மற்ற இரண்டைவிடப் பல மடங்கு இடம் கொடுத்தது. ஒரே பேச்சில் முடிவானது.

அந்த இடம்தான் வினையானது. ஊரிலிருந்து வந்த பிள்ளைகளின் சொந்தக் கணக்கில் இலவச இடம் கொஞ்சம்தான். குழந்தை பிறந்தால் மூன்றே மாதத்தில் நிரம்பிவிடும். ஆபீஸ் கணக்கிலோ தாராளமாக இடம். செந்தில் உட்பட ஒவ்வொருவராகப் போனில் ஆபீஸ் கணக்கைச் சேர்த்து, போட்டோ பேக்கப்பை அதற்குத் திருப்பிவிட்டார்கள். போனில் இடம் காலியாகட்டும் என்று அதிலிருந்த ஒரிஜினலையும் அழித்தார்கள். கிளவுடில் இருக்கிறது, பிறகென்ன என்ற நம்பிக்கை. எல்லாருக்கும் தெரியும். யாரும் தப்பென்று நினைக்கவில்லை.

3. முத்துவின் வேலை

எங்கள் சிஸ்டம் அட்மின் முத்து, சிவகாசிக்காரன். ஒருவர் வேலையை விட்டுப் போனதாக ஹெச்ஆர் குறித்ததும் அவருடைய கணக்கை அழித்து, லைசென்ஸை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. ராஜினாமாவுக்கும் சாவுக்கும் ஹெச்ஆர் சாஃப்ட்வேரில் தனித்தனிப் பட்டன் இல்லை. முத்து விதிப்படி அழித்தான்.

அழித்த கணக்கைச் சில வாரங்களுக்குள் கேட்டால் மீட்டுவிடலாம். அதற்குப் பிறகு சர்வீஸே துடைத்துவிடும்.

4. தீபா

செந்திலின் மனைவி தீபா, ஒன்றேகால் வயது மகளோடு திண்டுக்கல் போயிருந்தாள். இரண்டு மாதம் கழித்து பெஹாலா வீட்டைக் காலி செய்ய வந்தபோது, சாமான் கட்ட நானும் போனேன். தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து, செந்திலின் போனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதுல இருந்த வீடியோ எல்லாம் காணோம். பாப்பாவுக்குத் தினமும் போட்டுக் காட்டுவேன். காரியம் முடிஞ்ச மறுநாள் பாத்தா எதுவுமே வரல. போன்தான் கெட்டுப்போச்சுன்னு தம்பி கடையில குடுத்தான். சரியாகல."

எனக்கு அப்போதே ஆபீஸ் கணக்கு ஞாபகம் வந்தது. உடனே ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"ஆபீஸ்காரங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன் அக்கா. போன்ல இருந்ததுதானேன்னு நெனச்சேன்."

அங்கிருந்தே முத்துவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான்தான் அழிச்சேன் அக்கா. கெடு போன வாரம் முடிஞ்சிருச்சு."

சர்வீஸ்காரர்களுக்கு எழுதினோம். கெஞ்சி எழுதினோம். இரங்கல் தெரிவித்து, எதுவும் செய்ய இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. சொந்தக்காரர்களின் போன்களில் தேடியதில் சில போட்டோக்கள் கிடைத்தன. வீடியோக்கள் பெரியவை, யாருக்கும் அனுப்பாமலே வைத்திருந்தார்கள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பேசியது, பாடியது, அவள் முதன்முதலாக அப்பா என்றது எல்லாம் போயிற்று.

அந்தப் பதிலைத் தீபாவிடம் சொல்ல நான்தான் திண்டுக்கல்லுக்குப் போன் செய்தேன். கேட்டுக்கொண்டாள். அழவில்லை.

"அவரு செஞ்ச ஆபீஸ் வேலை எதுவும் போயிடலையே அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, எல்லாம் அப்படியே இருக்கு" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

5. கற்றது

அனிர்பன்தாவோடு சண்டை போட்டு விதியை மாற்றினேன். இப்போது யார் கணக்கை மூடுவதாக இருந்தாலும் முதலில் அவர் வீட்டுக்குப் பேச வேண்டும். இறந்தவர் கணக்கு என்றால் வீட்டார் வேண்டியதை எடுத்துக்கொண்டோம் என்று சொன்ன பிறகுதான் முத்து அதைத் தொடுவான். புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே, ஆபீஸ் கொடுக்கும் இடம் ஆபீஸுடையது, உங்கள் வீட்டை அங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள் என்கிறேன். தலையாட்டுகிறார்கள். பாதிப் பேர் வைக்கத்தான் செய்கிறார்கள்.

இன்றும் பிராஜெக்டைத் திறந்து செந்தில் எழுதிய ஏதாவது ஒரு வரியில் கர்சரை வைத்தால், எடிட்டர் அவன் பெயரைக் காட்டுகிறது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதற்காக மாற்றினான் என்பதையும் சொல்கிறது. உப்புப்பெறாத ஒரு கமாவை அவன் நீக்கியதுகூட எங்கள் பதினோரு பேர் லேப்டாப்பிலும் இருக்கிறது. அவன் மகளுக்கு அவன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது.