புளியரை ஏற்றத்தில் நின்ற வீடு

என் அப்பாவுக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் மாதிரி பேசுவார், அவ்வளவுதான். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற சக்கர வீடு ஒன்றைத் தென்காசிப் பட்டறையில் செய்து வாங்கி வந்தார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவுக்காகத்தான் என்றார். எங்கள் வீடு இலஞ்சியில். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அப்பாவின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் நினைவு வந்துவிடும். அவர்கள் அருவியில் குளிப்பார்கள், அம்மா சமைப்பாள். கல்யாணமானதிலிருந்து ஒரு சீசனுக்குக்கூட அவள் வெளியே போனதில்லை. அந்த வருஷம் யாரும் வருவதற்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையைத் தாண்டிக் கொல்லம் கடற்கரைக்குப் போய்விடுவது என்று முடிவானது.

இழுப்பது எங்கள் சின்னப் பெட்ரோல் கார். அது மலை ஏறாது, டீசல் ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுங்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“அஞ்சு பேரச் சொமக்குத காரு, ரெண்டு சக்கரத்த இழுக்காதாக்கும்?” என்றார் அப்பா. காலியாக இருந்த சக்கர வீட்டைத் தென்காசி வரை சமதரையில் இழுத்துக் காட்டி, அதோடு பேச்சை முடித்துவிட்டார்.

கிளம்பிய அன்று செங்கோட்டை தாண்டும் வரை ஒன்றுமில்லை. புளியரை ஏற்றத்தில் இன்ஜின் உறுமியது, வண்டி நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்தோம். உன் பாத்திரங்கள்தான் கனம் என்று அப்பா திட்டினார். அம்மா அரிசி, குக்கர், கடைசியில் தன் துணிப்பை என்று எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கினாள். அப்படியும் நகரவில்லை.

அப்போது சிவகிரி அத்தையின் போன் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வந்து எங்கள் பூட்டிய வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அப்பா வழி சொன்னார். அத்தையின் வீட்டுக்காரரான மாமா தன் டீசல் ஜீப்பில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“ஏலே மாப்ள, எங்களுக்குப் பயந்து வீட்டையே இழுத்துட்டு ஓடுதியோ?”

அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். “உச்சி வரைக்கும் இழுத்து விடச் சொல்லுங்க. அங்கன இருந்து எறக்கந்தான.”

“தேடி வந்தவங்கள விட்டுட்டு எங்கட்டி போக?” என்றார் அப்பா.

அந்த சீசன் முழுக்க அத்தை குடும்பம் எங்கள் வாசலில் நின்ற சக்கர வீட்டுக்குள்தான் படுத்தது. அம்மா சமைத்தாள். இன்ஜின் போதவில்லை என்று அப்பா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார். பொய். மாமாவின் இன்ஜின் தாராளமாகப் போதும். அன்றைக்கு வண்டியைத் திருப்ப இடமில்லாமல், சக்கர வீட்டை ஜீப்பில் கோத்து அடுத்த வளைவு வரை மாமா மேலே ஏற்றினாரே. முக்காமல் முனகாமல் ஏறியது. உள்ளே நானும் அத்தை பிள்ளைகளும் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தோம். அம்மா ஜன்னல் வழியே மலை உச்சியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வளைவில் ஜீப் இலஞ்சிப் பக்கம் திரும்பியதும் ஜன்னலைச் சாத்தினாள். சாரல் அடிக்கிறதாக்கும் என்று நினைத்து, என் பக்கத்து ஜன்னலையும் நான் சாத்தினேன்.