துணிப்பையில் ஒரு பேட்டரி

வட்டக்கானலில் எங்கள் வீட்டு வாசலுக்கு எந்த வண்டியும் வராது. ரோடு மேலேயே நின்றுவிடும். அங்கிருந்து கற்படிகளில் இறங்கித்தான் வர வேண்டும். கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, எங்கள் மாடி அறைகளில் காசு கொடுத்துத் தங்க வருகிறவர்களின் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் அதே படிதான். அந்தப் படிகளின் உச்சியில், ரோட்டோரமாக, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது என் ஸ்போர்ட்ஸ் கார்.

சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஸ்போர்ட்ஸ் கார்தான். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையை மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வானம். எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு பாட்டு டீச்சர், ஊரை விட்டுப் போகும்போது என்னிடம் விற்றுவிட்டுப் போனது. ஐம்பதைத் தாண்டியவள் இதில் ஏறிக் காய்கறி வாங்கப் போனால் ஊர் பேசத்தான் செய்யும். பேசிவிட்டுப் போகட்டும். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அது திரும்புகிற அழகு இருக்கிறதே, அதற்காக நான் எவ்வளவு பேச்சு வேண்டுமானாலும் கேட்பேன்.

தொல்லை பேட்டரியால் வந்தது. மழையும் மூடுபனியுமாக இரண்டு வாரம் வண்டியை எடுக்காவிட்டால் அது செத்துப் போகும். ரோட்டோரத்தில் கரண்டு ஏது? கழற்றி, படி வழியே வீட்டுக்குத் தூக்கி வந்து, சார்ஜ் ஏற்றி, மறுபடி மேலே தூக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசி படிந்த படியில் இறங்குகிற மாதிரி இருக்கும். போன மழைக்காலத்தில் அப்படி இறங்கும்போது வழுக்கிவிட்டது. பேட்டரி ஒரு பக்கம் உருண்டது, நான் ஒரு பக்கம். முதுகு பிசகி ஒரு மாதம் படுத்த படுக்கை.

என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த ஒரு மாதமும் கஞ்சி வைத்துக் கொடுத்தார், தைலம் தேய்த்துவிட்டார், எல்லாம் செய்தார். நான் எழுந்து நடமாடியதும், "உன் வண்டிய வித்துரலாம்" என்றார். எப்போதுமே அவருக்கு அது "உன் வண்டி"தான். அதற்குள் ஆளையும் பிடித்து வைத்திருந்தார். வத்தலக்குண்டில் ஓட்டல் வைத்திருக்கிறவராம். வாசலில் நிரந்தரமாக நிறுத்தி வைத்தால் சாப்பிட வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பார்களாம்.

எனக்கு வயிறு எரிந்துவிட்டது. ஓடுகிற வண்டியைக் கொண்டுபோய் ஓட்டல் வாசலில் நட்டு வைப்பதா! அன்று சமையலறையில் விழுந்த பாத்திரச் சத்தத்தில் மாடியில் தங்கியிருந்தவர்கள் கீழே இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

கடைசியில் அவரே ஒரு கணக்குப் போட்டார். "சரி. பேட்டரிய நீ ஒத்தையாத் தூக்கிட்டுப் போயி மாட்டு. ஞாயித்துக்கிழம காலப் பூசைக்கு என்னய அதுல கூட்டிட்டுப் போ. வண்டி இருக்கட்டும். தள்ளிவிடக் கூடாது, அடுத்த வண்டியிலருந்து வயர் குடுக்கக் கூடாது, யாரும் ஒதவக் கூடாது. கெளம்பலன்னா வத்தலக்குண்டுக்காரர் அன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போவாரு."

"சரி" என்றேன். பழைய பேட்டரியைப் படிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, எடை குறைந்த பேட்டரி ஒன்று கிடைத்தாக வேண்டும்.

கொடைக்கானலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் மேஜை மேல் இரண்டை எடுத்து வைத்து, "ரெண்டுமே நல்ல கம்பெனிங்க்கா" என்றார். கம்பெனி யாருக்கு வேண்டும்? முதல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பக்கத்தில் இருந்த படியில் ஏறினேன். நாலு படிக்குள் முதுகு "வேண்டாம்" என்றது. சின்ன காருக்கானது இரண்டாவது. அதைத் தூக்கிக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறி இறங்கிவிட்டேன். சந்தோஷமாக, மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வட்டக்கானலுக்கு வந்து வண்டியில் வைத்துப் பார்த்தால், பிளஸ் முனை அந்தக் கோடியில் இருந்தது. எவ்வளவு இழுத்தாலும் வயர் எட்டவில்லை. "பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒண்ணொண்ணாத் தள்ளிவிடுறீங்களே" என்று மெக்கானிக் சிரித்தார். பிறகு அவரே, கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் லித்தியம் பேட்டரி போடுவதாகச் சொல்லி, அதை விற்கும் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்.

போன் போட்டேன். "எந்த ரேஸுக்குங்க்கா?" என்று கேட்டார் அந்தக் கோவைக்காரர்.

"படியேறுற ரேஸுக்கு."

"அப்படியொரு ரேஸ் எங்கீங்க்கா நடக்குது?"

"எங்க வீட்டு வாசல்லதான்."

கதையைச் சொன்னதும் அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் நிதானமாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, என் வண்டி அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கெட்டுப்போகும், அதனால் மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். மெக்கானிக் தன் பேட்டரி ஒன்றை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார், வண்டியில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று குளிர். "உங்க ஊர்க் குளுருக்கு அது தூங்கிப்போயிருமுங்க்கா. எடுத்த எடுப்புல ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஹெட்லைட்டப் போட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. கரண்டு ஓட ஓட உள்ள சூடாயி, அதுவே முழிச்சுக்கும்."

பார்சலைப் பிரித்தபோது விளையாட்டுச் சாமான் அனுப்பிவிட்டாரோ என்று நினைத்தேன். ஒரு பரங்கிக்காய் எடைகூட இருக்காது. பிளஸ் முனை இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் துணிப்பையில் போட்டு, ஒரு கையில் தொங்கவிட்டபடி படியேறினேன். எங்கும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் கண்ணில் படவே இல்லை. பழைய பேட்டரி இருந்த இடம் இதற்குப் பெரிதாக இருந்ததால், ஆடாமலிருக்க மரக்கட்டை செருகிப் பட்டையால் இறுக்கினேன். தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் பாடிக்கொண்டே இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே போய்ப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. ஜம்பமாகப் போக வேண்டும் என்று கூரையை மடக்கினேன். வீட்டுக்காரர் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக, பரீட்சை ஹால் வாத்தியார் முகத்தோடு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். நான் ஹெட்லைட்டைப் போட்டேன்.

"எதுக்கு லைட்டு?"

"பேட்டரிக்குக் குளுரு விடணும்."

"லைட்டப் போட்டா பேட்டரி ஏறுமா, எறங்குமா?"

"பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டீக்கடைக்குப் போனேன். கோவைக்காரர் சொன்னபடி சூடாக ஒரு டீ குடித்தேன்.

திரும்பி வந்தால் லைட் எரியவில்லை. ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மனுசன் சொன்னது சரியாகிவிட்டதே, இருந்ததையும் லைட் குடித்துவிட்டதே என்று நினைத்தேன். ஸ்விட்சைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. ஓட்டல் வாசலில் யார் யாரோ ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டுவது கண் முன்னே வந்தது. அழுகை வந்துவிட்டது. சாவியை உருவி அவர் கையில் வைத்தேன். "வரச் சொல்லுங்க அந்தாள."

அவர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பையில் போட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"பேட்டரி சாகல" என்றார். "பால்காரர்தான் அமத்திட்டுப் போனாரு."

லைட் எரிகிற வண்டியைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காதே! விரல்களை மூடி மூடித் திறந்து சாடை காட்டுவார்கள். வண்டியில் ஆள் இல்லை, கூரையும் இல்லை என்றதும், பாவம், பால்காரர் கையை உள்ளே விட்டு அமர்த்திப் புண்ணியம் தேடிக்கொண்டார்.

"பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்தீக?" என்று கத்தினேன்.

"யாரும் ஒதவக் கூடாதுன்னுதான பேச்சு?" என்றவர், குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நேத்து நீ படியேறுனத ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒரு எடத்துலகூட நீ நிக்கல. எனக்கு வண்டி மேல என்ன கோவம்? அன்னைக்கு மழையில நீ அசையாமக் கெடந்த. அது இன்னும் கண்ணுக்குள்ளயே கெடக்கு." கரும்பலகை இல்லாமல் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியை நீட்டினார். "வெரசாப் போடு லைட்ட. பூசைக்கு நேரமாச்சு."

போட்டேன். இந்தத் தடவை அவரே வண்டிக்கு முன்னால் போய்க் காவல் நின்றார். வெள்ளை வேட்டியில் வெளிச்சம் அடித்தது. சூரிய உதயம் பார்க்கப் போன பையன்கள், கேரட் மூட்டை ஏற்றிய ஜீப்காரர், ஆண்டவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்த இரண்டு கன்னியாஸ்திரிகள், எல்லோரும் விரலை மூடித் திறந்தார்கள். அவர், "தெரியும்ங்க, எரியட்டும், நீங்க போங்க" என்று ஒவ்வொருவரையும் விரட்டினார். கன்னியாஸ்திரிகளைக்கூட விடவில்லை.

முதல் தடவை சாவியைத் திருகியபோது சோம்பலாக ஒரு முனகல் கேட்டது. இரண்டாம் தடவை வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது! நான் கை தட்டினேன். அவர் ஓடி வந்து ஏறி உட்கார்ந்து, ஊருக்குள் போகும்வரை ஒரு கையால் கதவையும் மறு கையால் குல்லாவையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

கோவிலுக்குள் நுழையும்போது பைபிள் வாசகம் பாதி முடிந்திருந்தது. பிரசங்கத்துக்கு நடுவில் சாமியார் நிறுத்தி, "வெளிய நிக்கிற செவப்பு வண்டியில லைட் எரியுது" என்றார். அவசரத்தில் அமர்த்த மறந்திருக்கிறேன். கோவிலே திரும்பிப் பார்த்தது. நான் எழுவதற்குள் வீட்டுக்காரர் எழுந்து ஓடினார்.

போனவர் திரும்பி வரவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தேன். திறந்த வண்டியில், குளிரில் மூக்கு சிவக்க, என் இருக்கையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லங்க, கெளம்பி வராதீங்க. விக்கிற சோலியே இல்ல. ஆமாங்க… எங்க வண்டிங்க இது."

"நகருங்க, நான் ஓட்டணும்" என்றேன்.