லீஆனுக்கு ஒரு பாட்டு

விஜிதரனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. கிளிநொச்சியில் கல்யாண வீடியோ கடை வைத்திருந்த காலத்தில் போனவை. எந்தக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும், பிரதிகளைத் தா என்று கேட்டுச் சிலர் வந்தார்கள். முதல்நாள் மிகவும் மரியாதையாக இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். "அம்மா வெள்ளிக்கிழமையில கோயிலுக்கு இந்தப் பக்கத்தாலதானே போறவா? வடிவான பாதை" என்றான் ஒருத்தன். விஜிதரன் பிரதிகளைக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். கடைக்குள் அவன் தவழ்ந்து திரிந்தபோது முதுகில் ஏறி நின்றார்கள். பாதையைப் பற்றிச் சொன்னவன்தான் கடைக்கு நெருப்பு வைத்தான்.

பிறகு படகு, முகாம், தற்காலிக விசா. கடைசியில் சிட்னி, டூங்கபியில் ஒரு வாடகை வீடு. மனைவி நிரஞ்சினிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. விஜிதரனுக்கு வேலை கிடைத்த இடத்தைக் கேட்டு ஊர்ச்சனம் சிரித்தது. லிட்கம் தொழிற்பேட்டையில், மெத்தைக் கிடங்காக இருந்த கட்டடத்தில் இயங்கிய 'ஸ்லிப்ரெயில்' என்ற கேபிள் தொலைக்காட்சி. நாளெல்லாம் கன்ட்ரி பாட்டு, வெள்ளைக்காரரின் கிராமத்துக் கிட்டார்ப் பாட்டு.

காளைச் சவாரிப் போட்டி நடக்கும் ரோடியோ மைதானங்களில் மைக் பிடித்துக் கத்திக்கொண்டிருந்த ஒரு மனிதர் தொண்ணூறுகளில் தொடங்கிய சேனல் அது. கையில் இருந்தது ஒரு அலமாரி வீடியோ நாடாவும் ஒரு கேமராவும்தான். அவர் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தபின் மகள் மொய்ரா நடத்தினாள். காலையில் புதுப் பாடல்கள், மாலையில் கச்சேரி, ஞாயிறு காளைச் சவாரி. மதியம்தான் அதிகம் பேர் பார்த்தது: விருப்பப் பாடல் நேரம். பார்க்கிறவர்கள் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். அவர்களுடைய வாழ்த்து திரையின் அடியில் பட்டியாக ஓடும். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றத்தான் விஜிதரனை எடுத்தார்கள். போகப்போக அந்தப் பட்டியும் அவன் பொறுப்பானது.

தொடக்கத்தில் பாட்டுகளில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு திகைத்துப்போனான். கிட்டாரை மெல்ல மீட்டிக்கொண்டு ஒருவன் காதலியை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறான், மூன்றாவது சரணத்தில் அவள் தண்ணீருக்குள் கிடக்கிறாள். "இவங்கள் கொலையைத் தாலாட்டு மாதிரியெல்லோ பாடுறாங்கள்" என்று நிரஞ்சினியிடம் சொன்னான்.

பாட்டுகளை நேரப்படி அடுக்குகிறவள் ஹரிப்பிரியா, கோயம்புத்தூர்க்காரி. "அண்ணா, நம்ம ஊர்ப் பாட்டுல மட்டும் வெட்டுக்குத்து இல்லையா?" என்று அவள் கேட்பாள்.

அந்த ஆற்றங்கரைப் பாட்டைத்தான் 'டி' என்று மட்டும் கையெழுத்திட்ட ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டான். "லீஆனுக்கு, என்றும் உன் டி." இப்படிச் சில வாழ்த்துகள் ஓடின. யாரோ காதலன் என்று நினைத்தார்கள். பிறகு வந்தது: "லீஆன், புது மஞ்சள் திரைச்சீலை அழகு." இரண்டு நாள் கழித்து: "உன் வீட்டு நாய் இப்போது என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை."

விஜிதரனின் கை விசையிலேயே நின்றுவிட்டது. வடிவான பாதை என்று சொன்ன குரல் காதுக்குள் கேட்டது. அந்தச் செய்தியை அவன் ஓடவிடவில்லை.

"பிரியா, இஞ்ச வந்து இதை ஒருக்கா வாசியுங்கோ."

அவள் வாசித்தாள். முகம் மாறிவிட்டது. "இது லவ் இல்லண்ணா. இவன் அவ வீட்டு வாசல்ல நிக்கிறான்."

அன்று பின்னேரமே ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். லீஆன் அவள்தான். முன்னாள் புருஷன் டெரிலுக்குப் பயந்து மூன்று வீடு மாறிவிட்டாள். ஒருமுறை அவள் தலையைக் கார்க் கதவுக்குள் வைத்து அடித்துச் சாத்தியவன் அவன். சிறு வயதிலிருந்து இந்தச் சேனலைத்தான் அவள் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். "உங்கள் திரை வழியாக அவன் என் வீட்டுக்குள் வருகிறான்" என்றாள். மொய்ரா உடனே பொலிசில் சொன்னாள். டெரிலின் தொலைபேசி எண்ணைத் தடைசெய்தார்கள்.

டெரில் வேறு எண்களிலிருந்து அனுப்பினான். அதையும் நிறுத்தியபோது அலுவலகத்துக்கே அழைத்தான். "என் பாட்டை நிறுத்துகிற நாய் யார்?" என்று கேட்டான். ஹரிப்பிரியா வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழன் மதியம், விருப்பப் பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்கதவுக் கண்ணாடி நொறுங்கியது. டெரில் கையில் பண்ணை வேலிக்கு அடிக்கிற இரும்புக் கட்டை. தண்ணீர் எடுக்க முன்கூடத்துக்கு வந்த ஹரிப்பிரியாதான் முதலில் அகப்பட்டாள். தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் உள்ளறையில் இருந்த விஜிதரனுக்குக் கேட்டது. வெளியே ஓடிவந்தபோது அவள் சுவரோடு சரிந்து கிடந்தாள், மணிக்கட்டு தப்பான பக்கம் திரும்பியிருந்தது. டெரில் திரைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தான். அவனுடைய கையும் கிழிந்து ரத்தம் கொட்டியது, அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. அவளை நோக்கி மறுபடி கட்டையை ஓங்கினான்.

மூலையில் கேமரா நிறுத்துகிற முக்காலி ஒன்று, பழைய காலத்துப் பாரமான இரும்பு. விஜிதரன் அதைத் தூக்கி டெரிலின் முழங்காலில் இறக்கினான். டெரில் விழுந்தான். கட்டை கையைவிட்டு உருண்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். விஜிதரன் தாடையில் அடித்தான். தோளில் அடித்தான். முகத்தை மூடிய கைகளின்மேல் அடித்தான். விரல்கள் நசுங்கின. டெரில் தவழ்ந்து மேசைக்கடியில் போகப் பார்த்தான், காலைப் பிடித்து இழுத்து மறுபடி அடித்தான். தமிழில் ஏதோ கத்தினான், என்ன கத்தினான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை.

"அண்ணா, போதும்! செத்துருவான்ணா! விடுங்க!" ஹரிப்பிரியா உடையாத கையால் அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். அப்போதுதான் நிறுத்தினான்.

பொலிஸ் வந்தபோது நின்றுகொண்டிருந்தவன் விஜிதரன் ஒருத்தன்தான், கையில் ரத்தம் வழிகிற முக்காலியோடு. அவர்கள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அவனைக் கண்ணாடித் துண்டுகளின்மேல் முகங்குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, விலங்கு போட்டார்கள். கன்னத்தில் கண்ணாடி ஏறியது. "அவர் இல்லை! அவன்! அந்த ஆள்!" என்று ஹரிப்பிரியா ஆங்கிலத்தில் கத்திக்கொண்டேயிருந்தாள். மொய்ரா வந்து சொன்ன பிறகே விலங்கைக் கழற்றினார்கள்.

வீட்டில் நிரஞ்சினி அவன் கன்னத்துத் தையலைத் துடைத்துவிட்டாள்.

"வழக்குப் போடுவாங்களோ? எங்கட விசா என்னாகும்?"

"தெரியாது. அவன் விழுந்த பிறகும் நான் அடிச்சது அங்கத்தைக் கண்காணிப்புக் கேமராவில இருக்கு."

"பயத்தில அடிச்சனான் எண்டு சொல்லுங்கோ."

"பயம் இல்லை, நிரஞ்சி. அடிக்கேக்க எனக்கு நல்லா இருந்தது."

அவள் கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டாள். "என்னட்டைச் சொன்னது போதும். வேற ஒருத்தரிட்டையும் அதைச் சொல்லாதேங்கோ" என்றாள். அன்று அவள் மகளின் அறையில் போய்ப் படுத்தாள்.

பல மாத விசாரணைக்குப் பிறகு அவன்மேல் குற்றம் பதியவில்லை. டெரிலின் வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். டெரிலுக்குத் தாடையில் தகடு, இடக் கண்ணில் பார்வை இல்லை. அவனுடைய வக்கீல் காணொளியை ஓட்டிவிட்டுக் கேட்டார்: "அவர் தப்பித் தவழ்கிறார். ஏன் நிறுத்தவில்லை?"

மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். விஜிதரன் அவரை எதிர்பார்க்காமல் ஆங்கிலத்திலேயே சொன்னான்: "நிறுத்த எனக்கு விருப்பமில்லை."

தீர்ப்பில் நீதிபதி டெரிலின் காயங்களையும் கணக்கில் எடுத்தார். எல்லோரும் எதிர்பார்த்ததைவிடத் தண்டனை குறைந்தது. வெளியே நடைபாதையில் லீஆன் காத்துக்கொண்டு நின்றாள். சிறிய உருவம், காதோரம் பழைய தழும்பு. நன்றி சொல்லப் போகிறாள் என்று அவன் நினைத்தான்.

"பொய் சொல்லியிருக்கலாம் நீ" என்றாள். "இல்லாவிட்டால் அன்றைக்கே அவனை முடித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை." அவள் போய்விட்டாள். பிறகு அவளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

சேனலில் வாழ்த்துப் பட்டியை எடுத்துவிட்டார்கள். விருப்பப் பாடலைக் கணினியே தேர்ந்தெடுத்தது. டெரிலின் கூட்டாளிகள் லிட்கம் வாசலில் இரண்டுமுறை வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனதும் நிரஞ்சினி முடிவெடுத்தாள். குடும்பம் மெல்பேர்னுக்கு, கேரம் டவுன்ஸ் பக்கம் போனது. விஜிதரன் குதிரைப் பந்தயக் காட்சிகளை வெட்டி ஒட்டும் வேலையில் சேர்ந்தான். நிரஞ்சினி அவனோடு பேசினாள், சமைத்தாள், சிரித்தாள். அவன் மகளை அதட்டினால் மட்டும் இருந்த இடத்திலிருந்து எழுந்துவந்து நடுவில் நிற்பாள். அது அவனுக்குச் சுட்டது. ஆனாலும் ஏன் என்று அவன் கேட்டதில்லை.

இந்த மாசியில் ஹரிப்பிரியா அழைத்தாள். "அண்ணா, அவன் அடுத்த வாரம் வெளிய வர்றான். ஜெயில்ல இருந்து போன் பண்ணிச் சொன்னாங்க. வீட்டுக்காரர் வேலையா பெர்த்துக்குப் போயிருக்காரு. வீட்ல நான் தனியா இருக்கேன்."

"இஞ்ச வாங்கோ" என்றான் விஜிதரன்.

நிரஞ்சினி தொலைபேசியை வாங்கினாள். "இண்டைக்கே வெளிக்கிடுங்கோ தங்கச்சி. அறை இருக்கு."

வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "அவன் இஞ்ச வந்தா என்ன செய்வியள்?"

"பொலிசைக் கூப்பிடுவன்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னறையில் கட்டில் விரிக்கப் போனாள். அவனும் போய் மெத்தையின் மறுமுனையைப் பிடித்தான்.