மூன்றில் ஒரு பங்கு

டீக்கடைக்காரர் எத்தனை பாக்கெட் பால் உடைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே பச்சையம்மா தன் டீயை ஆற்றுகிறாள். எதிரே, எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டி, ஒரு கம்பெனியின் கேட். ஷிஃப்ட் மாறும் நேரம். வெளியே வருகிறவர்களின் முகம், ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகள், உள்ளே போகக் காத்திருக்கும் லாரிகள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். தான் சரக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் மாதம் ஒரு முறை இப்படி ஒரு டீ. "ஆபீஸ்ல கேட்டா நல்லாத்தான் கீதுன்னுவாங்க. டீக்கடைல பால் கொறஞ்சா உள்ள இன்னாவோ ஆவுதுன்னு அர்த்தம்" என்பாள்.

திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகை. நான்கு பிரஸ் மெஷின், ஏழு பெண்கள். பைப் மூட்டுகளில் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வாஷர் வெட்டுகிறார்கள். பச்சையம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலாளி என்று யாராவது கூப்பிட்டால் காதில் விழாதது போல இருப்பாள். ரப்பரை இரண்டு விரலால் நசுக்கியே கனம் சொல்லிவிடுவாள். வங்கி மேனேஜரிடம் பேசும்போதும் கையில் ஒரு வாஷர் உருண்டுகொண்டிருக்கும்.

அவளுக்கு இரண்டே சட்டம். எந்தக் கம்பெனிக்கும் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது. பில் பணம் வந்ததும் நூற்றுக்கு எட்டு ரூபாய் தனியாக வங்கிக்குப் போய்விட வேண்டும். அப்படிச் சேர்ந்து, ஏழு பேருக்கும் ஆறு மாதச் சம்பளம் எப்போதும் அங்கே இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் அவள் கூலிக்கு இருந்த பட்டறை ஒரே கம்பெனியை நம்பி ஓடியது. அந்தக் கம்பெனி ஆர்டரை நிறுத்திய மறுநாள், பூட்டிய ஷட்டர் முன்னால் பதினொரு பெண்கள் நின்றார்கள். அவளும் நின்றாள்.

மூன்று வருடத்துக்கு முன், பம்ப் செய்யும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பர்ச்சேஸ் அதிகாரி பக்தவச்சலம் வந்தார். தன்மையான மனிதர். வெட்டுவது முழுவதையும் மூன்று வருடத்துக்குத் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பச்சையம்மா மூன்றில் ஒரு பங்குதான் தருவேன் என்றாள். அவரும் அதற்கு ஒப்புக்கொண்டு போனார். அன்று மதி சண்டை போட்டாள். முதல் நாளிலிருந்து கூட இருப்பவள். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். சம்பளம் கூடும் வாய்ப்பை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாய் என்று ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க மதியின் மெஷினுக்குப் பச்சையம்மாவே எண்ணெய் போட்டாள்.

போன வருடம் அந்த பம்ப் கம்பெனி வாசல் டீக்கடையில் பால் பாதியானது. அதிலிருந்து நான்காம் மாதம் ஆர்டர் நின்றது. கொட்டகையில் நான்கில் ஒரு மெஷின் ஓடாமல் நின்றது. ஆனால் ஏழு பேருக்கும் சம்பளம் வந்தது. சும்மா இருந்த நேரத்தில் காசிமேட்டுப் படகு இன்ஜின்களுக்கு வாஷர் வெட்டப் பழகினார்கள். ஒரு சாயங்காலம் மதி, "அன்னிக்கு வாய வுட்டுட்டன்க்கா" என்றாள்.

"வுடு. உனுக்குப் புள்ள படிப்பு இருந்திச்சி" என்றாள் பச்சையம்மா. அதோடு சரி.

சென்ற மாதம், மதியம் மூன்று மணிக்கு, பக்தவச்சலம் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. வேலை போய் இரண்டு மாதம். வீட்டில் சொல்லவில்லை. கம்பெனி கடைசியாகக் கொடுத்த பணத்தை வீட்டில் சம்பளம் போலப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போவது போல தினமும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்.

மதி பச்சையம்மாவைத் தனியே கூப்பிட்டு, இவரையும் சேர்த்துக்கொண்டால் நமக்குத் தாங்குமா என்று கேட்டாள். பச்சையம்மா கையிலிருந்த வாஷரை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு, "இவுருக்குத் தெரியாத பர்ச்சேஸ் ஆபீஸ் இந்த ரோட்டுல இல்ல. நாம புது பார்ட்டி தேடிக்கினு கீறோம். பேங்க்ல கீற ஆறு மாசம் அஞ்சு மாசமாவும். ஆவட்டும், மறுபடி சேத்துக்கலாம்" என்றாள்.

திரும்பி வந்து, "ஆர்டர் புடிக்க ஆள் வோணும் சார். பழைய சம்பளம் குடுக்க முடியாது. நாளைலேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பச்சையம்மா அந்தப் பையை வாங்கினாள். கனமாக இருந்தது. உள்ளே இன்னும் திறக்காமலே இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, மூடியைத் திறந்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். பிறகு தன் ஸ்டூலை மெஷின் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெட்டிய வாஷர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.