பச்சை வாங்கிய பாடம்

காந்திமதி மேடத்துக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அப்புறம் எதிரே இருப்பது மனுஷனா கம்ப்யூட்டரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். இந்த வருஷம் பெரும்பாலும் கம்ப்யூட்டராகவே அமைந்துவிட்டது.

திண்டிவனத்தில் எங்கள் கல்லூரியில் அவர் பொருளியல் துறை. நான் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளன். லேபில் ஏ.சி. ஓடுகிறது, நானும் அதிகம் பேச மாட்டேன். அதனால் ஆசிரியர்கள் இங்கே வந்து உட்கார்ந்து மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். மேடம் கொட்டுவது மட்டும் வராந்தா வரை கேட்கும்.

மேடத்துக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். அண்ணன் பூவரசன் இன்னும் அந்த நிலத்தில்தான் இருக்கிறார். கல்யாணமாகி விழுப்புரம் வந்ததிலிருந்து மேடம் தினமும் திண்டிவனத்துக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து போகிறார். மற்றவர்கள் வகுப்பில் வாயால் சொல்லி எழுதவைத்த காலத்திலேயே, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சகாயராஜின் டி.டி.பி. கடையில் கொடுத்துப் பாடக் குறிப்பை அழகாக அடித்து வைத்துக்கொண்டவர் அவர். 'வேளாண் பொருளியல்' தாளுக்குக் காந்திமதி நோட்ஸ் என்றால் விழுப்புரம் வரை ஜெராக்ஸ் ஓடும். அதில் அவருக்கு உள்ளுக்குள் பெருமை. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பெருமைக்குத்தான் வந்தது வினை. எல்லா ஆசிரியரும் தங்கள் பாடங்களைக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும், அதுவும் கண் தெரியாதவர், காது கேளாதவர் உட்பட எல்லா மாணவருக்கும் எட்டுகிற மாதிரி அமைக்க வேண்டும் என்று உத்தரவு. எப்படி அமைப்பது என்று கற்றுக்கொள்ள ஒரு தளம். அதில் வீடியோக்கள், மாதிரிப் பாடங்கள், தேர்வுகள், முடித்தால் சான்றிதழ். ஏற்றிய பாடத்தைக் கம்ப்யூட்டரே சோதித்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டம் போடும். பொங்கல் கழித்து ஆய்வுக் குழு வருவதற்குள் கல்லூரியே பச்சையாகிவிட வேண்டும். இதற்குப் பொறுப்பாளர் தென்னரசு சார். வணிகவியல் துறை. அவர் கனவிலும் பச்சைதான் வந்திருக்கும்.

மேடம் லேபில் உட்கார்ந்து முதல் வீடியோவைப் போட்டார். கண் தெரியாத மாணவர்களுக்கு எப்படிப் பாடம் அமைப்பது என்பது தலைப்பு. திரையில் வரிவரியாக எழுத்து வந்து போனது. பின்னால் ஒரு மியூசிக். பேச்சே இல்லை.

"ஏம்ப்பா, கண்ணு தெரியாத புள்ளைக்குப் பாடம் நடத்தறத எழுதிக் காட்டறானே, வாயத் தொறந்து ஒரு வார்த்த படிக்க மாட்டானா?"

"அடுத்த வீடியோவுல பேசுவாங்க மேடம்."

அடுத்த வீடியோ காது கேளாதவர்களுக்கானது. அதில் ஒருவர் விடாமல் பேசினார். கீழே எழுத்து ஒன்றும் வரவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

கடைசியில் தேர்வு. அதற்கு முன்னால், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லிச் சின்னச் சின்னப் படங்களில் சிக்னல் விளக்கைக் காட்டச் சொன்னது. மேடம் தொட்டதெல்லாம் வெறும் கம்பமாகவே இருந்தது.

"நெஜ சிக்னல்ல கொண்டுபோய் நிறுத்து, நான் காட்டறேன். இதுல எது சிக்னலு, எது கரண்டு கம்பம்? எனக்கே இந்த கதின்னா கண்ணு தெரியாத வாத்தியார் ஒருத்தர் வந்தா இன்னா பண்ணுவாரு?"

ஒருவழியாகச் சான்றிதழ் வந்தது. நோட்ஸை ஏற்றினார். நடுவில் இருந்த ஒரு வரைபடத்துக்கு விளக்கம் எழுதச் சொல்லி நின்றது. எரிச்சலில் 'படம்' என்று அடித்தார். அதற்கும் சேர்த்துப் பச்சை விழுந்தது. தென்னரசு சார் லேபுக்கே வந்து கைகொடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தளத்தின் கடைசிப் பக்கத்தில், மதிப்பெண் எதுவும் இல்லாததால் யாரும் படிக்காத இடத்தில், ஒரு வரி இருந்தது: உங்கள் பாடத்தை, அதைப் பயன்படுத்தப்போகும் மாணவரிடமே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். மேடம் படித்துவிட்டார். மறுநாள் சங்கவியைக் கூப்பிட்டனுப்பினார்.

சங்கவி மூன்றாம் வருஷம். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம். பிறவியிலேயே பார்வை இல்லை. போன் அவளுக்கு எல்லாவற்றையும் படித்துச் சொல்லும். அது பேசுகிற வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. முந்தைய பருவத்தில் மேடத்தின் தாளில்தான் அவளுக்கு அரியர். இதுவரை ஹாஸ்டலில் ஆரோக்கியசெல்வி என்ற தோழி நோட்ஸைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டாள். தேர்வு நெருங்குகிறது. இந்தத் தாளை மறுபடி விட்டால் எம்.ஏ. சீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

"இனிமே யாரும் படிச்சிக் காட்ட வேணாம்மா. நீயே கேட்டுக்கலாம். பச்ச வாங்கிட்டேன்" என்றார் மேடம்.

சங்கவி போனை ஸ்பீக்கரில் போட்டாள். போன் இங்கிலீஷில் எழுத்துகளையும் குறிகளையும் எண்களையும் கலந்து கட்டி உளற ஆரம்பித்தது. கமா, கே, டபிள்யூ, டாலர், மறுபடி கமா. சங்கவி கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"மேடம், பாடம் என்னை வையுது."

"இன்னாடி சொல்ற?"

"நெசமா மேடம். எங்க சித்தப்பாவோட மீன்புடி போட்டு எஞ்சின்கூட இதவிட தெளிவா பேசும்."

மேடம் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. சகாயராஜ் கடையில் அடித்தது பழைய எழுத்துரு. இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்ட மாதிரி. கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியும். போன் சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது.

"அப்போ இருவது வருஷமா நான் தமிழ்ல எழுதலியா?"

"எழுதியிருக்கீங்க மேடம். கண்ணுக்கு."

கண்ணாடி மேசைக்குப் போனது. "பச்ச போட்டது எவன்?"

பச்சை போட்டது கம்ப்யூட்டர். எழுத்து இருக்கிறதா என்று பார்த்தது, இருந்தது. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று பார்த்தது, 'படம்' என்று இருந்தது. அதற்கு மேல் கேட்க அதற்குத் தெரியவில்லை.

மேடம் நோட்ஸை எடுக்கப்போகிறார் என்று கேட்டுத் தென்னரசு சார் ஓடிவந்தார். "மேடம், ஒங்களுக்குக் கும்புடு போடறேன். எடுத்துட்டு மறுபடி ஏத்துனீங்கன்னா மறுசோதனைன்னு மஞ்சளுக்குப் போயிடும். திரும்பிப் பச்சைக்கு வர்றதுக்குள்ள கமிட்டி வந்து சாப்ட்டுட்டே போயிடும்."

"இந்தப் பொண்ணு பரிச்ச எழுதணுமே சார்."

"ஒரே ஒரு பொண்ணு மேடம். அதுக்கு வாய்ஸ்ல பேசி அனுப்பிட்டு வேலையப் பாருங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மேடம் வீட்டுக்குத் திரும்பும் ரயிலிலேயே நோட்ஸை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து அனுப்பினார். பக்கத்து சீட்டுக்காரர்கள் வேளாண் பொருளியலில் ஓரளவு தேறியிருப்பார்கள். சங்கவி கேட்டுவிட்டு லேபுக்கு வந்தாள்.

"நல்லா இருக்குது மேடம். மூணாவது பாடத்துல மட்டும் ஒருத்தர் சமோசா வித்துக்கினே இருக்காரு."

"அத உடு. பாடம் புரியுதா?"

"புரியுது. ஆனா 'குறைந்தபட்ச ஆதரவு விலை' எங்க வருதுன்னு தேடணும்னா முழுசும் மொதல்லேர்ந்து கேக்கணும். முன்னால போயி, பின்னால வந்து, பேஜாரு மேடம். செல்வியாச்சும் 'நிறுத்து, அந்தப் பக்கம் போ'ன்னா போவா. எனக்கு எழுத்தா குடுங்க. தேடிக்கறேன்."

"எழுத்தா குடுத்தா வையுதுங்கற, பேச்சா குடுத்தா சமோசாங்கற" என்று மேடம் கத்தினார். சங்கவி சிரித்தாள். மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்ற இணையத்தில் கருவிகள் இருக்கின்றன. போட்டுப் பார்த்தோம். பாதி வந்தது, மீதியில் கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கமாகக் கிடந்தது. மேடம் சகாயராஜைத் தேடிப் போனார். அவர் இப்போது டம்ளரில் போட்டோ அச்சடித்துக் கொடுக்கிறார். "அந்த எழுத்த அழகுக்காக நானே கொஞ்சம் மாத்தி வெச்சிருந்தேன் மேடம். ஒங்க நோட்ஸ் மட்டும் தனியா தெரியணும்னு" என்றாராம். அந்த அன்புக்கு மேடம் என்ன பதில் சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் வகுப்பு இல்லாத நேரமெல்லாம் மேடம் லேபில்தான். வரிவரியாகத் திருத்தினார். தலைப்பு எடுப்பாகத் தெரிய ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே இடம் விட்டிருந்தார். போன் அதைத் தனித்தனி எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி படித்தது. அதையெல்லாம் சேர்த்தார். கட்டம் போட்ட மாதிரித் தெரிந்த இடத்தில் கட்டமே இல்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்திய எண்கள். அதையும் உடைத்துக் கட்டினார். ஒரு பாடம் முடிய முடிய சங்கவிக்கு அனுப்புவோம். உடனே பதில் வரும், குறையோடு. 'ஏழாவது பத்தியும் ஒம்பதாவது பத்தியும் ஒண்ணேதான் மேடம்.' மேடம் திறந்து பார்ப்பார். ஒன்றேதான். சொல்லுக்குச் சொல். எத்தனை பேர் ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் அது.

கடைசியில் அந்த வரைபடம். 'மல்லாட்டை விலை ஏறி இறங்குவதைக் காட்டும் படம்' என்று இந்தத் தடவை ஒழுங்காகவே எழுதினார்.

சங்கவி போனில் கேட்டாள். "எவ்ளோலேர்ந்து எவ்ளோவுக்கு ஏறுது மேடம்? எந்த வருஷம்?"

மேடம் படத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு விழுந்தது. எண் கிடையாது, வருஷம் கிடையாது. ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து எடுக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது.

"இத்தன வருஷத்துல ஒரு பயலும் இதக் கேக்கலியே" என்றார். அண்ணனுக்குப் போன் போட்டார். "அண்ணே, மல்லாட்ட வெல ஏறிக்கினே போயி ஒரேயடியா விழுந்துதே, அது எந்த வருஷம்?"

"விழாத வருஷத்தக் கேளு, சொல்றேன். எனக்குத் தண்ணி பாச்சற வேல கெடக்குது, வையி" என்றார் பூவரசன்.

மேடம் அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார். மார்க்கெட் கமிட்டியில் விலைப்பட்டியல் வாங்கி, போன வருஷத்து விலையைக் கட்டம் கட்டிப் போட்டார். பச்சைப் பாடத்தை அழித்துப் புதியதை ஏற்றினார். வட்டம் மஞ்சளானது. தென்னரசு சார் லேப் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, உள்ளே வராமல் போனார்.

குழு வந்த அன்று மேடம் பட்டுப் புடவையில் வந்திருந்தார். ஏன் மஞ்சள் என்று கேட்டால் சொல்ல, ரயிலிலேயே பதிலைத் தயார் செய்திருந்தார். சங்கவியையும் முதல் வரிசையில் உட்காரவைத்தார். பெரிய திரையில் எல்லாத் துறையும் பச்சை, நடுவே ஒரு மஞ்சள். குழுவில் ஒருவர் அதைப் பார்த்தார். "வெரி குட், ஆல்மோஸ்ட் கம்ப்ளீட்" என்றார். அடுத்த படத்துக்குப் போனார்கள். மஞ்சளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பச்சையைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. பிறகு சாப்பாடு.

"திட்டவாவது செய்யலாமில்ல?" என்றார் மேடம் என்னிடம். பாயசத்தைத் தொடவில்லை.

தேர்வு நடந்தது. சங்கவி சொல்லச் சொல்ல எழுத ஒருவரைக் கல்லூரியே ஏற்பாடு செய்திருந்தது. முடிந்ததும் அவள் நேராக லேபுக்கு வந்தாள். மேடம் காலையிலிருந்து எங்கள் லேபில்தான் இருந்தார். வேலை இருப்பதாகச் சொன்னார், கம்ப்யூட்டரை ஆன் செய்யவில்லை.

"எப்புடிம்மா?"

"நல்லா எழுதிட்டேன் மேடம். அரியர் போயிடும். எழுதனவருக்குத்தான் கை வலி."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"ஆனா ஒரு பத்து மார்க் கேள்வி, கூட்டுறவுச் சந்தை. அது ஒங்க நோட்ஸ்ல இல்ல."

"இருக்கு. நாலாவது பாடம். நீ சரியா கேட்டிருக்க மாட்ட."

"இல்ல மேடம். வர்ற வழியிலயே போன்ல தேடிப் பாத்துட்டேன். அந்த வார்த்தையே எங்கயும் இல்ல."

மேடம் கம்ப்யூட்டரைப் போட்டார். நோட்ஸைத் திறந்து, அந்தச் சொல்லை அடித்து, தேடச் சொன்னார். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் அதேதான்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ தேடற மாதிரி பண்ணிக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாலாவது பாடத்தத் தொறப்பா" என்றார்.